ஏப்ளஸ்கீவருக்குள் வைத்த பூரணம் ஏன் ஒழுகுகிறது?

"டென்மார்க்கில் செய்கிற ஏப்ளஸ்கீவர் என்ற உருண்டைப் பலகாரத்தை வீட்டில் பணியாரச் சட்டியில் செய்து பார்த்தேன். உள்ளே ஆப்பிளும் ஜாமும் வைத்தால் திருப்பும்போது வெளியே வந்து கருகிவிடுகிறது. உடைத்தால் நடுவில் மா பச்சையாக இருக்கிறது. பாரம்பரிய முறையில் பூரணத்தை எப்படி வைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பூரணம் வைப்பது பாரம்பரியம்தானா, வைத்தால் ஏன் ஒழுகுகிறது, பணியாரச் சட்டி இதற்குச் சரிவருமா. உங்களை அலைக்கழிப்பது இரண்டாவதுதான், அதனால் அதற்கே கூடுதல் நேரம் எடுக்கிறேன். நான் டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் பல வருடமாக வேலை செய்கிறேன். டிசம்பர் பிறந்தால் எங்களுக்கு ஏப்ளஸ்கீவர் சுடுவதே பாதி வேலை. அங்கே தலைமைச் சமையலாளராக இருந்த டேனிஷ் அம்மா சொல்லித் தந்ததும், பிறகு சட்டிக்கு முன்னால் நின்று பழகியதும்தான் கீழே வருகின்றன.

பாரம்பரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு டென்மார்க்கில் நத்தார் காலத்தில் ஒரு வீட்டுக்கோ பாலர் பள்ளி விழாவுக்கோ போனால், தட்டில் வரும் ஏப்ளஸ்கீவருக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெறும் உருண்டை. பக்கத்தில் ஸ்ட்ரோபெரி அல்லது ராஸ்பெரி ஜாம், இன்னொரு கிண்ணத்தில் பொடித்த சீனி. கையால் எடுத்து முதலில் ஜாமிலும் பிறகு சீனியிலும் தொட்டுச் சாப்பிடுவார்கள். பெரியவர்களுக்குப் பாதாமும் உலர்திராட்சையும் போட்டுச் சூடாக்கிய குளுக் என்ற வைன் பானம் கூடவே வரும். பெயரில் ஆப்பிள் இருக்கிறதே (டேனிஷில் ஏப்ள என்றால் ஆப்பிள்) என்று கேட்டால், ஒரு காலத்தில் உள்ளேயும் இருந்தது. ஆப்பிள் துண்டையோ ஆப்பிள் மசியலையோ நடுவில் வைத்துச் சுடுவதுதான் பழைய வழக்கம். கொட்டை நீக்கிய உலர்ந்த பிளம் வைப்பதும் உண்டு. எல்லைக்கு அப்பால், ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் பக்கத்தில் இதன் உறவுக்காரப் பண்டமான ஃபோர்ட்ஷனுக்குள் இன்றும் பிளம் மசியல் வைக்கிறார்கள். ஆகவே நீங்கள் செய்வதில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை. இப்போதைய டேனிஷ் வீடுகள்தான் அந்தச் சிரமத்தை விட்டுவிட்டன. கடையில் உறையவைத்த ஏப்ளஸ்கீவரைப் பையாக வாங்கி அவனில் (ஓவனில்) சூடாக்கிக்கொள்கிற வீடுகளே நிறைய.

இணையத்தில் தேடும்போது ஒரு வைகிங் கதை கண்ணில் பட்டிருக்கும். போர் முடிந்து வந்த வீரர்களிடம் சட்டி இல்லையாம், அடிபட்டுக் குழி விழுந்த கேடயத்தை நெருப்பில் வைத்து அதில் மாவை ஊற்றினார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. வைகிங் கேடயம் மரப்பலகையால் ஆனது, நடுவில் கைப்பிடிக்கு மேலே மட்டும்தான் இரும்புக் குமிழ். அதை அடுப்பில் வைத்தால் முதலில் வேகப்போவது கேடயம். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் இந்தப் பலகாரத்துக்கு ஒரு தனி வாழ்வு உண்டு என்பது உறுதி. கலிபோர்னியாவில் 1911-இல் டேனிஷ் குடியேறிகள் அமைத்த சோல்வாங் ஊரில் 1936 முதல் நடக்கும் டேனிஷ் திருவிழாவில் ஏப்ளஸ்கீவர் காலை உணவு ஒரு முக்கிய நிகழ்ச்சி. சாக்லேட், கிரீம் சீஸ், சில இடங்களில் இறைச்சி வரைக்கும் உள்ளே வைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க எழுத்துகள்தான். அவை தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் டென்மார்க்கில் ஒரு கிழவியிடம் போய்க் கேட்டால் சிரிப்பார்.

சரி, மாவுக்கு வருவோம். நாங்கள் வைக்கும் அளவு: 250 கிராம் கோதுமை மா (மைதா), 400 மில்லிலிட்டர் மோர், 3 முட்டை, ஒரு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஏலக்காய்ப் பொடி, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், 50 கிராம் உருக்கிய பட்டர், முக்கால் தேக்கரண்டி அப்பச் சோடா. பெரிய குழிச் சட்டியில் ஏறக்குறைய 25 உருண்டை வரும். இங்கே மோர் என்று நான் சொல்வது கேர்னமெல்க் என்று கடையில் விற்கிற தடித்த, நல்ல புளிப்புள்ள மோர். நம் வீட்டு நீர்மோரை ஊற்றினால் மா தண்ணீராகிவிடும், சோடா வேலை செய்யப் புளிப்பும் போதாது. மூன்று பங்கு புளித்த தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து அடித்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம் கிடைக்கும். சோடாவை மனம்போல் கூட்டாதீர்கள். புளிப்பு தீர்ந்த பிறகு மிஞ்சுகிற சோடா சவர்க்காரம் போலச் சுவைக்கும், வெளிப்பக்கத்தையும் வேகமாகக் கறுக்க வைக்கும். உங்களுக்குக் கருகியதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

மஞ்சள் கரு, மோர், சீனி, உப்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், பட்டர் எல்லாவற்றையும் கலந்து, மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் வையுங்கள். இந்த நேரத்தில் மா ஈரத்தை இழுத்துச் சற்றுத் தடிக்கும். சுடப்போகும்போது சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, அப்புறம் நுரைக்க அடித்த வெள்ளைக் கருவை மூன்று தடவையாக மெதுவாக மடித்துச் சேருங்கள். இந்த இரண்டும் கடைசியில்தான் சேர வேண்டும். சோடா மோரைத் தொட்டதும் வாயுவை விடத் தொடங்கும், வெள்ளைக் கரு நுரையும் நேரம் போகப் போகச் சரியும். முன்கூட்டியே கலந்துவைத்தால் கடைசிச் சட்டி உருண்டைகள் முதல் சட்டியை விடக் கனமாக வரும். பதம் இட்லி மாவை விட இளக்கமாகவும் தோசை மாவை விடத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். பூரணம் வைக்கிறதென்றால் மோரில் ஒரு 30 மில்லிலிட்டர் குறைத்துவிடுங்கள். தடித்த மா பூரணத்தைத் தாங்கும், இளகிய மாவில் அது நேரே அடிக்குப் போய் இரும்பைத் தொடும். உங்கள் சிக்கல் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று சந்தேகிக்கிறேன்.

மீதிப் பாதி, பூரணத்தை எப்போது வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பல குறிப்புகளில் குழியில் பாதி மா ஊற்று, பூரணம் வை, மேலே மா ஊற்றி மூடு என்று இருக்கும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது வரும். ஆனால் அந்த நிலையில் அடியில் இருப்பது வெறும் மெல்லிய தோல். திருப்ப ஊசியைக் குத்தியதும் கிழிந்து, உள்ளே இருக்கிற ஜாம் குழிக்குள் இறங்கும். ஜாமில் பெரும்பகுதி சீனி, அது சூடான இரும்பில் பட்டதும் பாகாகிப் பிறகு கறுத்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஊற்றுகிற உருண்டையும் அதே இடத்தில் ஒட்டும். ஒரு குழி ஒட்டினால் அதைத் துடைத்து மறுபடி எண்ணெய் பூசும் வரைக்கும் அந்தக் குழியைச் சும்மா விட்டுவிடுவதே புத்தி.

எங்கள் குசினியில் செய்வது வேறு வழி. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குழியில் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, மாவை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் ஓரம் மங்கி, பளபளப்பு போய்விடும், நடுப்பகுதி மட்டும் ஈரமாக ஆடிக்கொண்டிருக்கும். இப்போது பின்னல் ஊசியை, ஆமாம், கம்பளி பின்னுகிற அதே ஊசியை, குழியின் சுவருக்கும் மாவின் ஓரத்துக்கும் இடையில் சறுக்கி, ஓரத்தை மேலே தூக்குங்கள். முழுக்கக் கவிழ்க்கக் கூடாது, கால்வாசிதான். தூக்கிய பக்கம் செங்குத்தாக நிற்கும், நடுவில் இருந்த பச்சை மா கீழே வழிந்து காலியான குழியின் அடியை நிரப்பும். அரை நிமிடம் பொறுத்து, இன்னொரு கால்வாசி. இப்போது உங்கள் முன்னால் இருப்பது ஒரு பக்கம் வாய் திறந்த கூடு. சுவர் மூன்று பக்கமும் பொன்னிறமாக வெந்திருக்கும், உள்ளே கொஞ்சம் மாதான் இளகி நிற்கும். பூரணம் வைக்கிற நேரம் இது. அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். வாயில் ஒரு தேக்கரண்டி புதிய மா விட்டு, அந்த வாய் அடிப்பக்கம் போகிற மாதிரி உருட்டிவிடுங்கள். மூடிய இடம் நேரே இரும்பில் பட்டு உடனே இறுகும். பிறகு தீயைக் குறைத்து, ஊசியால் அப்பப்போ சுழற்றிக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று நிமிடம்.

இந்தக் கால்வாசித் திருப்பத்தால்தான் உருண்டை முழு உருண்டையாக வருகிறது. பணியாரத்துக்குச் செய்வது போல ஒரேயடியாகக் கவிழ்த்தால் மேல்பக்கம் தட்டையாகி, இரண்டு பாதியை ஒட்டிய மாதிரி இடையில் ஒரு வளையம் தெரியும். பல பேர் மாவில் குறை இருக்கிறதென்று நினைத்துச் சோடாவைக் கூட்டுகிறார்கள். குறை திருப்புகிற விதத்தில் இருக்கிறது. முள்ளுக்கரண்டி வேண்டாம், அது தோலைக் கிழிக்கும். ஒட்டாத பூச்சுள்ள சட்டி என்றால் இரும்பு ஊசி பூச்சைச் சுரண்டும், மூங்கில் குச்சி எடுங்கள். எங்கள் குசினியில் அந்த அம்மா இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி பிடித்து, ஏழு குழியையும் வட்டமாகச் சுற்றி வருவார். முதல் குழிக்குத் திரும்பி வரும்போது அது அடுத்த திருப்பத்துக்குச் சரியாகத் தயாராகியிருக்கும். நான் இன்னும் ஒற்றை ஊசிதான்.

பூரணத்துக்கு நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். பச்சை ஆப்பிளின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே வெட்டி வைத்தால் உள்ளே ஆவி கிளம்பி, சுற்றியிருக்கிற மாவை இறுக விடாது. துண்டைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு படை நிற்கும். நீங்கள் பச்சை மா என்று எழுதியது அநேகமாக அந்தப் படைதான். புளிப்பும் உறுதியும் உள்ள ஆப்பிளை எடுத்து, விரல் நகத்தை விடச் சிறிய துண்டுகளாக வெட்டி, ஒரு தேக்கரண்டி பட்டரில் சிறிது சீனியும் கறுவாத்தூளும் (பட்டைத்தூள்) தூவி, சட்டியில் ஈரம் வற்றித் துண்டுகள் ஓரத்தில் லேசாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இங்கே பலர் தேடுவது கிரோஸ்டன் ஆப்பிள், 2005-இல் டென்மார்க்கின் தேசிய ஆப்பிளாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அது சீக்கிரம் பழுத்து முடிந்துவிடும், நத்தார் வரை நன்றாக இருப்பது அபூர்வம். டிசம்பரில் நாங்கள் எடுப்பது இங்ரிட் மரி அல்லது பெல் த போஸ்கூப். உங்கள் ஊரில் பச்சை நிற கிரானி ஸ்மித் கிடைத்தால் போதும். சிவப்பாக, இனிப்பாக, மாவு மாதிரிப் பொருபொருவென்று இருக்கிற ஆப்பிள் வதக்கினால் கூழாகிவிடும்.

ஜாம் வைக்கவே வேண்டுமென்றால் கடை ஜாமை அப்படியே வைக்காதீர்கள். சிறு பாத்திரத்தில் மெதுவாகக் காய்ச்சி, கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டி நிற்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எண்ணெய்த்தாளில் அரைத் தேக்கரண்டிக் குவியல்களாக வைத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த குவியலைக் கூட்டுக்குள் போட்டு மூடும்வரை அது இளகாது, அந்த அவகாசம் போதும். சாக்லேட்டுக்கும் இதே வழி. உலர்ந்த பிளம் எல்லாவற்றிலும் சுலபம். பாதியாக வெட்டி வைத்தால் போதும், ஒழுகவே ஒழுகாது. முதல் தடவை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். கொஞ்சம் மர்சிபான், அதாவது பாதாமும் சீனியும் சேர்த்தரைத்த பசை, கடலை அளவு உருட்டி ஆப்பிளோடு வைத்தால் அருமையாக இருக்கும். என்னைக் கேட்டால் ஜாமை உள்ளே வைப்பதே வீண் வேலை. வெளியே தொட்டுச் சாப்பிட்டால் சுவையும் கூட, சட்டியும் பிழைக்கும்.

அடுப்பின் சூடு பற்றி நிமிடக் கணக்கில் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் அடுப்பு காஸா மின்சாரமா, சட்டி எவ்வளவு தடிப்பு என்பதைப் பொறுத்தது அது. அடையாளம் மட்டும் தருகிறேன். வெறும் குழியில் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது சிர்ரென்று கொதித்து அங்கேயே வற்ற வேண்டும். முத்து மாதிரி திரண்டு குழிக்குள் ஓடி விளையாடினால் சூடு மீறிவிட்டது, இறக்கி ஆறவிடுங்கள். சரியான சூட்டில் ஒரு சட்டி முடிய ஐந்தாறு நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் நல்ல நிறம் வந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே வெந்திருக்காது. பட்டருக்குப் பதில் நெய் சொன்னதும் இதற்காகத்தான். பட்டரில் இருக்கிற பால் பகுதி சீக்கிரம் கறுத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டும், நெய்யில் அது வடிந்துபோயிருக்கும். வெந்ததா என்று பார்க்க மெல்லிய குச்சியை நடுவில் குத்தாமல் ஓரமாகச் சாய்த்துக் குத்துங்கள். நடுவில் பூரணம் இருப்பதால் அங்கே குச்சி எப்போதும் ஈரமாகத்தான் வரும். சமையல் வெப்பமானி இருந்தால் மாப்பகுதி 95 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தட்டில் பரப்பி, 160 பாகை அவனில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். எங்கள் குசினியில் பூரணம் வைத்தவற்றை எப்போதும் இப்படித்தான் முடிப்போம்.

பணியாரச் சட்டி சரிவருமா என்றால், சரிவரும், ஒரு குறையோடு. டேனிஷ் சட்டியில் வழக்கமாக ஏழு குழி, ஒவ்வொன்றும் அகலமாகவும் ஏறக்குறைய அரைக்கோளமாகவும் இருக்கும். நம் பணியாரக் குழி சிறியது, பல சட்டிகளில் ஆழமும் குறைவு. ஆழமில்லாத குழியில் கால்வாசித் திருப்பம் சரியாக நிற்காது, பூரணத்துக்கும் இடமில்லை. உங்களிடம் இருப்பதில் ஆழமான இரும்புச் சட்டியைத் தேர்ந்தெடுங்கள். பூரணத்தைக் கால் தேக்கரண்டியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் உலர்ந்த பிளம் துண்டோடு நில்லுங்கள். நேரமும் குறையும், மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும். டேனிஷ் சட்டி வாங்குவதாக இருந்தால் தடித்த வார்ப்பிரும்பு வாங்குங்கள், அடி தட்டையானதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய சந்தைகளில் கிடைக்கிற சட்டிகளின் அடியில் விறகடுப்பு வாயில் உட்காருவதற்கான வளையம் இருக்கும். கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பில் அது சூடேறாது.

முட்டை இல்லாமல் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். செய்தால் ஏதோ ஒரு இனிப்புப் பணியாரம் வரும், நன்றாகவும் இருக்கும். ஆனால் கூடு மாதிரி நிற்கிற அந்தச் சுவர் முட்டையால் வருவது, அது இல்லாமல் பூரணத்தை மேலே சொன்ன முறையில் வைக்க முடியாது. சோடாவுக்குப் பதில் ஈஸ்ட் போடுகிற பழைய முறையும் டென்மார்க்கில் இருக்கிறது. பாலில் கரைத்து ஒரு மணி நேரம் பொங்க விடுவார்கள். ரொட்டி வாசனையோடு, கொஞ்சம் இழுவையாக இருக்கும். பூரணத்தை இதை விட நன்றாகத் தாங்கும் என்பது என் அனுபவம், ஆனால் முதலில் மோர் மாவில் கை பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

சுட்டவற்றை மூடி போட்ட பாத்திரத்தில் அடுக்காதீர்கள். ஆவியில் தோல் நைந்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி, 100 பாகை அவனில் வைத்தால் எல்லாம் முடியும்வரை சூடாக இருக்கும். மிஞ்சியதை ஆறவைத்துப் பையில் போட்டு உறையவைக்கலாம். எடுக்கும்போது உறைந்தபடியே 200 பாகை அவனில் சுமார் பத்து நிமிடம் போதும், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும். ஒரு எச்சரிக்கை: பூரணம் வைத்ததைச் சூடாகக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே இருக்கிற ஆப்பிளும் ஜாமும் நாக்கைச் சுட்டுவிடும், பாதியாகப் பிட்டு ஐந்து நிமிடம் விட்டுக் கொடுங்கள்.